வரம்புக்குக் கீழே

லேப்டாப்பின் மூடியைத் திறந்தேன். திரை விழித்துக்கொண்டது. அக்காவின் சொற்பலகை விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. மஞ்சள் பட்டை ஒவ்வொரு வரிசையாக மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. கன்னத்தோரம் வைக்கிற அந்தச் சின்னக் குமிழை விரல் நுனியால் தொட்டேன். பட்டை நிற்கவில்லை. இன்னொரு முறை தொட்டேன். அது பாட்டுக்கு இறங்கிப் போய், கடைசி வரிசையைத் தாண்டி, மறுபடி மேலே வந்து ஆரம்பித்தது. கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். ஊஹூம். கடைசியில், வாசல் மணியை அமுக்குவது போலக் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். பட்டை நின்றது.

சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அடுத்த வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. முந்தின நாள்தான் அத்தான் இந்த லேப்டாப்பையும், குமிழை அதோடு இணைக்கிற சின்னப் பெட்டியையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்திருந்தார். அக்காவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வந்துகொண்டிருந்த பெண்ணுக்குத் தெரிந்த ஒரு வாத்தியாருக்கு இப்போது அதே நோயாம், அவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். கொடுக்கும் முன்னால் துடைத்துவைத்து, தூங்கவைத்து, ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிடலாம் என்று மூடியைச் சாத்தியது நான்தான். சாத்திவிட்டுக் குளிக்கப் போனேன், பேப்பர் படித்தேன், டீ குடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திறந்தேன். ஆபீசில் இப்படி முக்கால் மணி நேரமெல்லாம் எவனும் காத்திருக்க மாட்டான். அதுதான் வினை. அந்த இடத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருக்க வழியில்லை, அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதியவன் நான்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்குப் பதினெட்டு வருடமாக விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது. டிரைவர் எழுதுகிறேன் என்று ஒரு தரம் சொல்லப்போய், "எங்க தம்பி கம்ப்யூட்டர் கம்பெனில டிரைவர்" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். அவளுக்கு அர்த்தம் தெரியும், வேண்டுமென்றேதான். விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டர் தூங்கும்போது அதன் சொந்த ஞாபகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஒலிபெருக்கி, கேமரா, மௌஸ் எல்லாவற்றுக்கும் சப்ளை நின்றுவிடும். விழிக்கும்போது கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், இவற்றுக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. தொழிற்சாலையில் பிறந்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படி எழுந்து முழிக்கும். நீ இன்னார், உன் சத்தம் இவ்வளவு, உன் வேகம் இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது மறுபடி சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற நிரலை எழுதுவது நாங்கள் நான்கு பேர். ஆபீசில் எங்களுக்குத் தாலாட்டுக் கோஷ்டி என்று பெயர். தூங்கவைப்பது சுலபம், எழுப்புவதுதான் பாடு என்போம். பிள்ளை பெற்றவர்கள் தலைகீழாகச் சொல்வார்கள்.

இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம், விழித்த கருவியை நம்பாதே என்பது. அதற்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காதே, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவிடு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் கம்பெனியின் இந்தக் குமிழ்ப் பெட்டி சரியான மந்தம். எல்லாவற்றையும் மறுபடி எழுத அரை வினாடிக்கு மேல் எடுத்தது. விழித்ததும் சட்டென்று வேலை செய்ய வேண்டும் என்று நான் ஒரு குறுக்குவழி வைத்தேன். விழித்தவுடன் பெட்டியிடம் ஒரே ஒரு கேள்வி, நீ பழைய பெட்டிதானே? அது ஆமாம் என்று தன் எண்ணைச் சொன்னால், சரி, மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கும் என்று விட்டுவிடுவது. மயங்கி விழுந்தவரை எழுப்பிப் பேர் கேட்டு, பேரைச் சொல்லிவிட்டார் என்பதற்காக வண்டியோட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்வது போலத்தான். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைதட்டல்கூட வாங்கினேன்.

அந்தப் பெட்டிதான் ஒன்றரை வருடமாக அக்காவின் வாயாக இருந்தது. தபால் ஆபீஸ் கவுன்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிறவர்களை அதட்டி, பின்கோடு எழுதாதவர்களைத் திருப்பி அனுப்பி வாழ்ந்த வாய். நரம்பில் வந்த நோய் முதலில் கையை எடுத்தது, பிறகு காலை எடுத்தது, பேச்சை எடுத்தது. கடைசியில் அவள் சொன்னபடி கேட்டது இடது கன்னம் மட்டும்தான். அதன்மேல் குமிழ் படுகிற மாதிரி அத்தான் ஒரு கம்பியை வளைத்துக் கட்டிலில் பொருத்தினார். லிஃப்ட் மெக்கானிக், கம்பி வேலையில் கெட்டிக்காரர். அக்காவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டார். திரையில் எட்டு வரிசை, மேலே சொற்கள், கீழே எழுத்துக்கள். பட்டை வரிசை வரிசையாக இறங்கும், வேண்டிய வரிசை வரும்போது ஒரு அழுத்து. பிறகு அந்த வரிசைக்குள் சொல் சொல்லாக நகரும், வேண்டிய சொல்லில் இன்னொரு அழுத்து. மெஷின் அதைக் குரலாகச் சொல்லும். இரண்டு அழுத்து, ஒரு சொல்.

எவ்வளவு பலமாக அழுத்தினால் அழுத்தம் என்று எடுத்துக்கொள்வது என்பதற்கு ஒரு எண் உண்டு. அதற்குக் கீழே வருவதெல்லாம் நடுக்கம், தலையணை உரசல் என்று ஒதுக்கிவிடும். நாங்கள் வரம்பு என்போம். பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது வரம்பு நாற்பது. அக்காவுக்கு முதலில் முப்பது வைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் குறைத்துவிட்டு வருவேன். இருபத்திரண்டு, பதினைந்து, பத்து, ஏழு. கடைசியாகப் போனபோது நான்குக்குக் கொண்டுவந்தேன். அவள் பொறுமையாக எழுத்துக்களைக் கூட்டி, "இன்னும் எத்தனை பாக்கி" என்று மெஷின் குரலில் கேட்டாள். நாலு, என்றேன். "அப்புறம்" என்றாள். அப்புறம் மைனஸ்ல போக வேண்டியதுதான் என்றேன். கண்ணால் சிரித்தாள். எனக்கு அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் அழுகை வந்தது. அவள் சிரித்துவிட்டாள் என்பதும் நினைவிருக்கிறது.

பையைக் கொடுக்கும்போது அத்தான் ஒரு விஷயம் சொன்னார். மூன்று வாரமாக யாரிடமும் சொல்லாததை வாசற்படியில் நின்றுகொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டே கிளம்பிய என்னிடம் சொன்னார்.

"அவ என்கிட்ட பேசாமலே போயிட்டாடா."

கடைசியில் மூச்சுக் குழாய் போட்டிருந்தார்களே, அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குக் காலைல சண்டை. சண்டைன்னா என்ன, அவ எங்க சண்டை போடறது. ராத்திரி முழுக்கச் சளி, ரெண்டு பேருக்கும் தூக்கம் இல்ல. பதினோரு மணிக்கு மேல 'போதும்'னா. எது போதும்னு கேட்டேன். திரும்ப 'போதும்'. சளி எடுக்கறதா, சாப்பாடா, என்னன்னு சொல்லு. 'போதும்', 'போதும்', 'போதும்'. அந்த மெஷின் குரல்ல அதைக் கேட்டுப் பாரு. எனக்கும் போதும்டின்னு கத்திட்டு, லேப்டாப்பைப் படார்னு மூடிட்டேன்."

நான் ஒரு செருப்போடு நின்றேன்.

"முக்கால் மணி நேரம் தாங்கல. மறுபடி திறந்து வச்சேன். பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து துணி மடிச்சேன். அவ மூஞ்சியைப் பார்க்கல. எனக்கும் வீம்பு இருக்காதா? முதல்ல நீ பேசு, நான் கேக்கறேன்னு காதை மட்டும் அங்க வச்சுக்கிட்டு, இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசலடா அவ. அப்புறம் தூங்கிட்டா. சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. அவ்வளவுதான்."

"அக்கா அப்படியெல்லாம் மனசுல வச்சுக்கற ஆளு இல்ல அத்தான்" என்றேன். பச்சைப் பொய். அக்கா சரியாக அப்படித்தான் வைத்துக்கொள்வாள். கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டாள். சாப்பாடு வரும், டீ வரும், துணி தேய்த்து வரும், பேச்சு வராது. தண்ணீர் டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே திட்டிவிடுவாள். கல்யாணமான புதிதில் அத்தான் இந்த மௌனத்துக்குப் பயந்து எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். மூன்றாம் நாள் அவளே ஃபோன் செய்து, "அங்கேயே குடித்தனமா?" என்பாள். அதோடு முடிந்துவிடும். இந்த முறை மூன்றாம் நாள் வரவில்லை. அத்தான் என் தோளைத் தட்டி, "போ, போ, நேரமாச்சு" என்று அனுப்பிவைத்தார்.

இந்தப் பேச்சு நடந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, நான் கட்டைவிரலைக் குமிழில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தானாகத் தூங்கிவிடக் கூடாது என்று அக்காவின் லேப்டாப்பில் எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன். மூடியைச் சாத்தினால் தூங்கும் என்பதை மட்டும் மாற்றவில்லை. ஒன்றரை வருடமாக அந்த மூடியை யாரும் சாத்தியதுமில்லை. அத்தான் சாத்தினார். பெட்டிக்கு மின்சாரம் நின்றது. அதற்குள் ஒரு நிமிடம் தாங்குகிற அளவுக்குத்தான் மின்சாரம் தேங்கியிருக்கும். பிறகு நான்கு என்ற எண் அழிந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் என் நிரல், நீ பழைய பெட்டிதானே என்று கேட்டது. அது ஆமாம் என்றது. நாற்பதோடு எழுந்து உட்கார்ந்தது.

என் நிரலுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, ஒதுக்கியதையும் எழுதிவைக்கும். எந்த நேரத்தில், எவ்வளவு பலத்தில், எதற்காக ஒதுக்கப்பட்டது என்று வரிக்கு வரி. அந்தக் கோப்பைத் திறப்பதற்கு முன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்றைய தேதி. 11.18க்கு மூடி சாத்தப்பட்டது. 12.05க்குத் திறக்கப்பட்டது. 12.05 முடிவதற்குள் முதல் வரி. பலம் 5, வரம்புக்குக் கீழே, இரைச்சல். பதினாறு வினாடி கழித்து அடுத்தது. பலம் 5, இரைச்சல். அதற்கடுத்தது பலம் 6. இரைச்சல் என்ற சொல்லை அங்கே வைத்தவனும் நான்தான். நூற்று நாற்பத்து மூன்று வரிகள் இருந்தன. கடைசி வரி 12.56.

அவள் பேசாமல் இருக்கவில்லை. ஐம்பத்தொரு நிமிடம் பேசியிருக்கிறாள். வழக்கமாக நான்கோ ஐந்தோ அழுத்துகிறவள், எடுபடவில்லை என்று தெரிந்ததும் பலத்தைக் கூட்டியிருக்கிறாள். ஏழு, எட்டு, ஒன்பது. ஒரு இடத்தில் பதினொன்று. அவளால் பத்தைத் தொட முடியும் என்று நான் நம்பியிருக்க மாட்டேன், ஆறு மாதத்துக்கு முன்பே அது போய்விட்டது. எங்கிருந்து கொண்டுவந்தாளோ. பக்கத்தில், இரண்டடி தூரத்தில், காதைத் தீட்டிக்கொண்டு புருஷன் துணி மடித்துக்கொண்டிருந்தார். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

நிரலைத் திருத்த இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கேள்வி கேட்கிற வரியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் எழுது என்று போட்டால் முடிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். திருத்தியதும் எனக்கு ஒரு எண்ணம் வந்தது, இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு மட்டும்தான் அப்படி ஒரு கோணல் புத்தி வரும். அன்றைய அழுத்தங்களை அப்படியே இந்தத் திருத்திய நிரலுக்குள் ஓடவிட்டால், அவள் சொல்ல வந்தது வெளியே வந்துவிடுமே. ஓடவிட்டேன். அவளுக்காக நாங்கள் தேர்ந்தெடுத்த அந்தப் பெண் குரல், "மூச்சு" என்றது. பிறகு "சும்மாதான்". பிறகு "வலிக்குது". மறுபடி "மூச்சு". மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாறு சொல் கேட்ட பிறகுதான் மூளை வேலை செய்தது. அன்றைக்கு வரிசையே தேர்வாகவில்லை. ஒரே வரிசைக்காக அவள் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். இந்த நிரலோ முதல் அழுத்தை வரிசை என்றும் இரண்டாவதைச் சொல் என்றும் எடுத்துக்கொண்டு, பட்டை எங்கே இருந்ததோ அந்தச் சொல்லை உளறிக்கொண்டிருந்தது. அவள் சொல்லாததை அவள் குரலில் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தினேன்.

வரிசை மட்டும் நிச்சயம். பட்டை எப்போது எங்கே இருந்தது என்பதும் கோப்பில் இருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்றில் நூற்று முப்பத்தொன்று மூன்றாவது வரிசையில். மற்ற பன்னிரண்டும் கடைசிப் பத்து நிமிடத்தில், கொஞ்சம் தாமதித்து நான்காவதில் விழுந்தவை. களைத்துவிட்டாள். மூன்றாவது வரிசை அவளே சொல்லி நான் அடுக்கியது. ஏங்க, சும்மாதான், வலிக்குது, மூச்சு, புரட்டி விடுங்க, போதும். ஆறு சொற்கள். முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். "ஏங்க" என்று கூப்பிடுவாள், அத்தான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார், என்னம்மா என்பார், "சும்மாதான்" என்பாள். ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது இது நடக்கும். அந்த வரிசையில்தான் வலியும் இருக்கிறது. மூச்சும் இருக்கிறது. காலையில் சண்டையைக் கிளப்பிய சொல்லும் கடைசியில் இருக்கிறது. ஆறில் எது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது, இரண்டாவது அழுத்துக்கு அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் சோதனைப் பிரிவுப் பெண்ணிடம் போய் நின்றேன். நல்ல பெண், சீக்கிரம் கண் கலங்கிவிடுவாள், அதனால் காரணம் சொல்லவில்லை.

"குமிழ்ப் பெட்டியைத் தூங்கவச்சு எழுப்பற டெஸ்ட்ல, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் தூங்க விட்டோம்?"

"பத்து செகண்ட் சார்."

"ஏன் பத்து?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நீங்கதானே சார் சொன்னீங்க? சனி ஞாயிறுக்குள்ள ஆயிரம் தடவை முடியணும், அதிக நேரம் தூங்கவிட்டா ஒரு மாசம் ஆகும்னு. ஆயிரம் தடவையும் பாஸ். நீங்ககூட எல்லாருக்கும் கேக் வாங்கிக் குடுத்தீங்களே."

பத்து வினாடியில் பெட்டி எதையும் மறக்காது. ஆயிரம் தடவையும், இரவு பகலாக, அது மறக்கவே நேரம் கொடுக்காமல் எழுப்பி எழுப்பி, ஆஹா ஞாபகம் இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தோம். திருத்தத்தை அன்றைக்கே எல்லாருக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தேன். எதற்காக இந்தத் திருத்தம் என்று ஒரு வரி எழுத வேண்டும், அது விதி. "நீண்ட நேரம் தூங்கி எழுந்தால் வரம்பு எண் அழிந்துவிடுகிறது, இனி ஒவ்வொரு முறையும் மறுபடி எழுதப்படும்" என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத இடமும் இல்லை, தைரியமும் இல்லை.

அத்தானிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். சொன்னால், அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை என்று தெரிந்துகொள்வார். அந்த முள் போய்விடும். போன இடத்தில் கடப்பாரை இறங்கும். அவள் கூப்பிட்டாள், நீங்கள் கேட்கவில்லை. மூடியைச் சாத்தியது நீங்கள். சொல்லாவிட்டால், அந்த மனிதர் சாகிறவரைக்கும் மன்னிப்புக் கிடைக்காத புருஷனாகவே இருப்பார். இதில் என் தலையை நான் காப்பாற்றிக்கொள்கிறேனா என்று ஒரு சந்தேகம் வேறு. காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்தேன், அதை ஒளிப்பானேன். கடைசியில் பாதி உண்மை சொல்லலாம் என்று முடிவு செய்தேன். பெட்டி அன்றைக்குக் கெட்டுப்போயிருந்தது, அவள் பேச முயன்றாள், கேட்கவில்லை. மூடி என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அறையைக் காலி செய்திருந்தார். கட்டில் மட்டும் மெத்தை இல்லாமல் கிடந்தது, தலைமாட்டில் அந்த வளைந்த கம்பி இன்னும் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் நின்றபடியே கேட்டார். நூற்று நாற்பத்து மூன்று என்று சொன்னபோது மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார். முடித்ததும், என் பயமெல்லாம் எந்தக் கேள்வியைப் பற்றியோ அதையே கேட்டார். முப்பது வருட மெக்கானிக், வேறெதைக் கேட்பார்.

"காலைல 'போதும்'னு சொல்லுச்சே. அப்ப நல்லாத்தானே இருந்துச்சு. எப்பக் கெட்டுச்சு?"

பொய் தயாராகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"மூடி திறந்ததுக்கு அப்புறம்" என்றேன். "தூங்கி எழுந்தா எல்லாத்தையும் மறந்துடும். மறந்துச்சான்னு பார்த்து மறுபடி சொல்லிக்குடுக்கணும். அது என் வேலை. நான் சரியாச் செய்யல, அத்தான். மூடினது தப்பே இல்ல. லேப்டாப்னா மூடத்தான் செய்வாங்க."

அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

"லிஃப்ட்டுக்கே கரண்ட் போய் வந்தா, தான் எந்த மாடில நிக்கறோம்னு தெரியாதுடா" என்றார் மெதுவாக. "அதனால மொதல்ல அடி வரைக்கும் இறங்கிப் பார்த்துக்கும். பார்த்துட்டுத்தான் ஆளை ஏத்தும். அம்பது வருஷத்துப் பழைய லிஃப்ட்கூட அதைச் செய்யும். உன் பெட்டிக்கு அதுகூடத் தெரியாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் அழுதுவிட்டேன். பொங்கிப் பொங்கி, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்கிறவரைக்கும் நின்றார். பிறகு, "எந்த வரிசை?" என்றார்.

"மூணாவது."

அந்த வரிசையில் என்னென்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் உதடு அசைந்தது, ஆறையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கடைசிச் சொல்லில் நின்றார்.

"எதுன்னு தெரியாதா?"

"தெரியாது அத்தான். தெரிஞ்சுக்க வழியே இல்ல."

"போட்டுக் காட்டு."

"எதை?"

"அன்னைக்கு எப்படி ஓடுச்சோ, அப்படியே. அவ அமுக்கின இடத்துல ஒரு சத்தம் வர மாதிரி பண்ண முடியுமில்ல?"

"ஐம்பத்தொரு நிமிஷம் ஓடும் அத்தான்."

"எனக்கென்ன வேலை இருக்கு?"

ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'டக்' வைக்கக் கால் மணி நேரம் ஆனது. லேப்டாப்பைக் கட்டிலின் விளிம்பில், அது எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டுக்கொண்டார். பட்டை இறங்கியது. மூன்றாவது வரிசையில் டக். அவர் தோள் ஒரு தரம் குலுங்கியது. பட்டை இறங்கிப் போய் மறுபடி மேலிருந்து வந்தது. மூன்றாவதில் டக். சுற்றுக்குப் பதினாறு வினாடி. பத்துப் பதினைந்து சுற்று போவதற்குள் எனக்கு அறையை விட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் அசையவில்லை. எப்போது சத்தம் வரும் என்று அவருக்குப் பழகிவிட்டது, பட்டை இரண்டாவது வரிசைக்கு வரும்போதே மூச்சை இழுத்துக்கொண்டார். அப்படி ஒரு சுற்றில் டக் என்றதும், "ம், சொல்லு" என்றார்.

பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டவளுக்குச் சொல்வது போல, சாதாரணமாக. அடுத்த சுற்று. டக். "சொல்லும்மா." அடுத்தது. "இங்கதான் இருக்கேன், சொல்லு." திரையின் மூலையில் பலம் எவ்வளவு என்ற எண்ணும் வந்துகொண்டிருந்தது, மறைக்க மறந்திருந்தேன். எட்டு, ஒன்பது, ஒன்பது, பதினொன்று. "அய்யோ, அவ்வளவு வேணாம்" என்றார், "கேக்குது, கேக்குது." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் சத்தமும் பதிலும், சத்தமும் பதிலும், நடுவே ஒரு முறைகூட அவர் தவறவிடவில்லை. நாற்பதாவது நிமிடத்துக்குப் பிறகு சத்தம் விட்டு விட்டு வந்தது, வரிசை தாண்டி விழுந்தது. எண் ஐந்துக்கு இறங்கியது, நான்குக்கு இறங்கியது. "மெதுவா" என்றார். "அவசரமே இல்ல."

12.56 வந்தது. டக். "சொல்லு."

அதோடு கோப்பு முடிந்தது. பட்டையை நிறுத்தச் சொல்லி நான் எதுவும் எழுதியிருக்கவில்லை, அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. முடிஞ்சிருச்சு அத்தான் என்று சொல்லத் திரும்பினேன். அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, ஒரு காதை லேப்டாப்புக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். பட்டை மூன்றாவது வரிசைக்கு வந்து, கடந்து போனது. சத்தம் வரவில்லை. கடைசி வரைக்கும் இறங்கி, மேலே வந்து, முதல் வரிசை, இரண்டாவது, மறுபடி மூன்றாவது.

"ம்" என்றார்.